றொட்னி பாஸ்லோவுக்கு அடித்த ஆறு

கனடாவின் ஸ்காபரோவில் கோடைக்கு ஏ.சி. நின்றுபோனாலும் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் மூச்சை விட்டாலும் தமிழ்ச் சனம் முதலில் கூப்பிடுவது 'சிக்சர் ஹீற்றிங் அண்ட் கூலிங்' நிறுவனத்தைத்தான். நிறுவனம் என்றால் ஒரு வெள்ளை வான், ஓர் ஏணி, அமிர்தநாதர் றோய். வானின் இரண்டு பக்கமும் மட்டையை ஓங்கியபடி நிற்கும் ஓர் இளைஞனின் படம். ஒல்லி இடுப்பு, தலை நிறைய மயிர். வானிலிருந்து இறங்குகிற மொட்டைத் தலை ஆளுக்கும் இந்தப் படத்துக்கும் என்ன உறவு என்று புது வாடிக்கையாளர் யோசித்து முடிப்பதற்குள் றோய் தொடங்கிவிடுவார்.

"தொண்ணூற்றி ஐஞ்சாம் ஆண்டு, ஜூலை மாசம். பாஸ்லோ தெரியுமோ? றொட்னி பாஸ்லோ. அவுஸ்திரேலியாவின்ரை ஃபாஸ்ட் போலர். அவனுக்கு நான் அடிச்ச சிக்ஸ்..."

கதை முடியும்வரை ஃபேர்னஸ் திறக்கப்படாது. வீட்டுக்காரர் ஜனவரிக் குளிரில் நடுங்கிக்கொண்டே கேட்பார்.

அந்த ஆறும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதல் வருடம் பந்து எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. சில வருடங்களில் பாக்கிங் லொட்டைத் தாண்டியது. பாஸ்லோ டெஸ்ட் அணிக்குள் நுழைந்த வருடம் மக்கோவன் வீதியையும் தாண்டி, ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒன்றின் கூரையில் விழுந்து ஸ்ரேஷன்வரை போய்ச் சேர்ந்தது. பஸ்ஸின் இலக்கம் பற்றி மட்டும் றோயிடம் உறுதியான தகவல் இல்லை. சரித்திர ஆசிரியர்களுக்கும் இப்படிச் சில இடங்களில் இடறத்தான் செய்யும்.

பாஸ்லோவின் வளர்ச்சியில் பாஸ்லோவின் தாயைவிட அதிக அக்கறை காட்டியவர் றோய்தான். குயீன்ஸ்லாந்தில் கரும்பு விளைகிற ஒரு சிறிய ஊரில் பிறந்து, இருபத்தொரு வயதில், ரொறொன்ரோக் கழகம் ஒன்றுக்கு ஒரு கோடை முழுக்கப் பந்துவீச வந்த பையன் அவன். கழகம் அவனுக்கு ஒரு பேஸ்மென்ற் அறையும், கதவு திறக்காத ஒரு பழைய காரும் கொடுத்தது. ஜன்னலால் ஏறி இறங்கிப் பழகியதில்தான் அவனுக்கு உடம்பு இலகுவானது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னான். ஊர் திரும்பி மாநில அணிக்குள் நுழைந்தான். அன்று றோய் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. அறுபத்தொரு ஆட்டங்களில் இருநூற்றுப் பதினான்கு விக்கெட் எடுத்தான். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் றோயின் ஆறு ஓர் அடி உயர்ந்தது. பிறகு மூன்று டெஸ்ட். அதில் ஐந்து விக்கெட். அந்த ஐந்தில் ஒன்று, அந்தக் காலத்தில் உலகமே கும்பிட்ட ஒரு துடுப்பாட்டக்காரருடையது. அதை எடுத்த அன்று றோய் வேலைக்கே போகவில்லை. அடுத்த மாதம் பாஸ்லோவின் முதுகெலும்பில் வெடிப்பு என்று செய்தி வந்தது. றோய் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். மாதா அரைவாசிதான் கேட்டார்: முதுகுக்கு இரண்டு ஸ்குரூ, டெஸ்ட் வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி. அதன்பின் இங்கிலாந்தில் இரண்டு கோடை மழையைப் பார்த்தபடி இருந்தான். இருபது ஓவர் லீக்குகள் முளைத்ததும் வருடத்துக்கு ஒரு நிறத்தில் சட்டை போட்டான். வயது போனதும் அதே சட்டைகளுடன் வாங்கில் அமர்ந்து பயிற்றுநர் ஆனான்.

இந்தக் கதையை வாய் பிளக்காமல் கேட்டவர் ஸ்காபரோவில் ஒரே ஒருவர்தான். றோயின் மனைவி மக்டலீன். வீட்டில் விருந்தாளிகளுக்கு முன் றோய் "தொண்ணூற்றி ஐஞ்சாம் ஆண்டு" என்று வாயெடுத்தால், மக்டலீன் எழுந்துபோய்த் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைப்பாள். கதை முடியும்போது தேத்தண்ணி வரும். முப்பது வருடமாக அந்த நேரக்கணக்குப் பிசகியதில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் றோய் ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் ஒரு பேஸ்மென்றில் மல்லாக்கப் படுத்திருந்து ஃபேர்னஸுக்குள் கையை விட்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சிவபாதம்.

'சமூகச் சுடர்' சிவபாதம், பனைமுனை மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைத் தலைவர். இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒலிவாங்கியிலிருந்து இன்னும் பெறவில்லை. பதினெட்டு வருடமாக அவரை எதிர்த்து ஒருவரும் போட்டியிடவில்லை. காரணம் தன் சேவை என்று அவர் நினைத்திருந்தார். தோற்றால் அவர் விடைபெறும் உரை ஆற்றுவாரே என்ற பயம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

"தம்பி றோய், இருக்கிறியோ நிக்கிறியோ?"

"படுத்திருக்கிறன் அண்ணை. ஒரு பேஸ்மென்றிலை. என்ன விசயம்?"

"படுத்தபடியே கேள். பாஸ்லோ வாறார்."

றோயின் கையிலிருந்த ஸ்குரூ ட்றைவர் ஃபேர்னஸுக்குள் விழுந்து எங்கேயோ டங்கென்று கேட்டது.

"எந்தப் பாஸ்லோ?"

"என்ன கேள்வி உது? உன்ரை பாஸ்லோ! பிராம்டனிலை நடக்கிற லீக்குக்குக் கோச்சா வந்து நிக்கிறார். ஆளைப் பிடிச்சு எங்கடை பனைமுனைக் கிண்ணத்துக்குப் பிரதம விருந்தினராப் போட்டாச்சு. ஒரு மணித்தியாலம் நிக்கிறன் எண்டவர். நான் மூண்டு மணித்தியாலத்துக்கு நிகழ்ச்சி போட்டிருக்கிறன்."

"நல்லது அண்ணை," என்றார் றோய். அவர் குரல் ஃபேர்னஸுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது.

"நிகழ்ச்சியின்ரை உச்சம் என்ன தெரியுமோ? 'மீண்டும் அந்த ஆறு'! அவர் ஒரு போல் போடுவார். நீ தூக்கி அடிப்பாய். சனம் விசரடிக்கும்."

"அண்ணை, எனக்கு முழங்கால் சரியில்லை."

"உன்னை ஆர் ஓடச் சொன்னது? சிக்ஸ் அடிச்சா ஓடத் தேவையில்லையே."

"அடிபடாட்டி?"

"அடிபடும்," என்றார் சிவபாதம். "விழா மலரிலை அச்சடிச்சாச்சு."

அன்று மாலை றோய் வீட்டுக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தது. மகள் ஸ்டெபனி துள்ளிக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். இரண்டாம் வகுப்பில், வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து வகுப்புக்குக் காட்டுங்கள் என்று ரீச்சர் சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் பொம்மையும் முயலும் கொண்டுபோக, ஸ்டெபனி தகப்பனின் ஆறைக் கொண்டுபோனவள். கிரிக்கெட்டில் பிடிப்பு வந்ததும் அதனால்தான். கழகங்களில் விளையாடி, போன வருடம் அம்பயர் பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் இன்சேன்! பாஸ்லோ! இத்தனை வருசமாக் கேட்ட கதையை நான் லைவ்வாப் பாக்கப்போறன். சிவபாதம் அங்கிளிட்டைச் சொல்லிப்போட்டன், நான்தான் அம்பயர்."

"நீயோ?" என்றார் றோய்.

"வை நொட்? சிக்ஸுக்கு ரெண்டு கையையும் தூக்கி நிக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?"

சமையலறையிலிருந்து மக்டலீன் எட்டிப் பார்த்தாள். "நானும் சொல்லிப்போட்டன். நான் ஸ்கோர் எழுதுறன்."

"உனக்கேன் இந்த வேலை?"

"அண்டைக்கும் நான்தானே எழுதினனான்," என்றாள் மக்டலீன். "பென்சில் கூராத்தான் வைச்சிருக்கிறன்."

பாஸ்லோவை விட்டால், உண்மை என்னவென்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அன்று அம்பயராக நின்ற கயானாக்காரக் கிழவர், அவர் காலமாகிவிட்டார். மற்ற இரண்டு பேரும் இந்த வீட்டுக்குள் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். அன்று பாஸ்லோ ஓடிவந்தபோது இருபத்துநான்கு வயது றோய் கண்ணை இறுக மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினார். பந்து நெஞ்சுக்கு மேலே எகிறியது. மட்டையில் அது படவேயில்லை. ஹெல்மெற்றின் நெற்றியில் மோதி, விக்கெட் கீப்பரின் தலைக்கு மேலாகப் பறந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பந்து பறந்ததைத் தூரத்தில் நின்றவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டார்கள். எதில் பட்டுப் பறந்தது என்பதை ஒருவரும் காணவில்லை. பெடியள் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்து றோயைத் தூக்கிவிட்டார்கள். கயானாக்காரர் ஒரு முழங்காலை உயர்த்தி அதைக் கையால் தட்டினார். லெக் பை. உடம்பில் பட்ட பந்துக்கு உரிய சைகை. எவ்வளவு தூரம் பறந்தாலும் அதற்கு நான்கு ஓட்டம்தான், அதுவும் அடித்தவன் கணக்கில் சேராது. அந்தச் சைகையைப் பார்த்தது, மரத்தடியில் ஸ்கோர் புத்தகத்துடன் இருந்த மக்டலீன் மட்டும்தான். றோய்க்குக் காதுக்குள் மூன்று நாள் கோயில் மணி கேட்டது. மணி ஓய்ந்து அவர் வெளியே வந்தபோது ஊர் முழுக்க ஆறு அடித்தாயிற்று. மறுத்துச் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் மக்டலீனைக் கல்யாணம் செய்தார். அவள் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கேத்தல் மட்டும் கொதித்தது.

ஒரே ஒரு நம்பிக்கை மீதமிருந்தது. ஆயிரக்கணக்கான பந்து போட்ட மனுசனுக்கு முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பந்து ஞாபகம் இருக்குமா? இராது. ஒரு சின்ன லேசான பந்தைப் போட்டால் கண்ணைத் திறந்துகொண்டு அடித்துவிடலாம். அப்படி அடித்தால் பழைய ஆறும் உண்மையாகிவிடும் என்று றோய் கணக்குப் பார்த்தார். மூன்று கிழமை வீட்டுப் பின்வளவில் கண்ணைத் திறந்துவைத்திருக்கப் பயிற்சி எடுத்தார்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு, பனைமுனைக் கிண்ணம். கூடாரத்துக்குக் கீழே மட்டன் றோல்ஸ் தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லைக் கயிற்றைச் சிவபாதம் தன் கையாலேயே உள்ளே இழுத்துப் போட்டிருந்தார். "ஆறு பிழைக்கக் கூடாது," என்பது அவருடைய விளக்கம். கீப்பர் பக்கத்தில் கூடாரம் இருந்ததால் கயிறு இன்னும் உள்ளே வந்து, ஒரு நல்ல தும்மலுக்கே பந்து தாண்டிவிடும்போலக் கிடந்தது.

பாஸ்லோ வந்து இறங்கினார். ஐம்பத்தொரு வயது, ஆறடி நாலு அங்குலம். முதுகில் யாரோ ஒரு தட்டு நிறையத் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டதுபோல் நிதானமாக நடந்தார். சிவபாதம் மாலையுடன் ஓடினார். பாஸ்லோ அவரைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற றோயைப் பார்த்து நின்றார். கண்ணைச் சுருக்கினார். பிறகு அந்த நீண்ட முகம் மலர்ந்தது. தன் நெற்றியில் இரண்டு விரலால் தட்டிக் காட்டி, "தலை எப்படி இருக்கிறது, நண்பா?" என்று மூக்கால் வருகிற அந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

றோய் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் ஸ்டெபனி.

"அப்பா, ஏன் உங்கடை தலையைக் கேக்கிறார்?"

"தலைமயிரைக் கேக்கிறார் பிள்ளை. அப்ப நிறைய இருந்ததெல்லே."

மாலை மரியாதை ஒருவாறு முடிய, றோய் பாஸ்லோவின் முழங்கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகள் அடுக்கிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாஸ்லோ அவரைப் பேசவிடவில்லை.

"நான் முதன்முதலில் தலையில் அடித்த ஆள் நீதான். கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னை வந்து பார்க்க ஓடிவந்தேன், உன்னுடைய ஆட்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடனம் ஆடினார்கள். கனடாவில் தலையில் அடிபட்டவனுக்கு இப்படித்தான் செய்வார்களாக்கும் என்று நினைத்தேன்."

றோய் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸின் கூரையைக்கூட மறைக்கவில்லை. வானில் இருக்கும் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். இவ்வளவு நேர்மையாக அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட முழங்காலில் நின்றதில்லை.

பாஸ்லோ ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். கையிலிருந்த றோல்ஸைக் கடித்துத் தின்றார்.

"என்னுடைய பெரிய விக்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய்," என்றார்.

"பின்னை? அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை," என்று றோய் உணர்ச்சிவசப்பட்டுத் தமிழிலேயே சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் திருத்தினார்.

"அது மட்டையில் படவில்லை. கீப்பர் பிடித்த அந்தப் பந்து அவருடைய கால் பாட் வாரில்தான் உரசியது. எனக்குச் சத்தம் கேட்டது, எனக்குத் தெரியும். இருந்தும் கையைத் தூக்கிக் கத்தினேன். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். இருபது வருடமாக அந்தப் பந்தைப் பற்றிப் பேசத்தான் என்னை விருந்துகளுக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பந்து இல்லையென்றால் எனக்கு இன்றைக்கு இந்த வேலைகூட இல்லை." விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தார். "எனவே கவலைப்படாதே. ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே, மெதுவாக, இடுப்புக்குக் கீழே ஒன்று போடுகிறேன். உன் பிள்ளைக்கு முன்னால் நீ அடி."

இருவரும் கைகொடுத்தார்கள். றோய்க்கு முப்பது வருடத்தில் முதல்தடவையாக மூச்சு முழுக்க உள்ளே போய் வெளியே வந்தது.

எல்லாம் அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் இடையில் சிவபாதத்தின் பாராட்டுரை இருந்தது.

பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தச் சிவபாதம் ஓர் ஐஸ் பெட்டிமேல் ஏறவேண்டியிருந்தது. ஏறியவர் உயரம் பிடித்துப்போய் அங்கிருந்தே பேசத் தொடங்கினார். 'வேகவேந்தன்' என்ற பட்டம் வழங்கினார். பட்டத்துக்கான காரணத்தைச் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கினார். பதினைந்தாவது நிமிடத்தில் குயீன்ஸ்லாந்தை அடைந்தார். ஸ்டெபனி பாஸ்லோவின் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கணித ரீச்சர். எதையும் கூட்டவோ குறைக்கவோ தெரியாது.

"அன்புப் பெரியோர்களே! இந்தப் பெருமகன் கனடா மண்ணில் கால் வைத்தபோது இவருக்குப் பந்துவீசத் தெரியாது!"

ஸ்டெபனி அதைச் சொன்னாள். பாஸ்லோ புன்னகையுடன் தலையசைத்தார்.

"அன்று நம்மவன் றோய் அடித்த அந்த ஆறு, இவரை நிலைகுலைய வைத்தது. இவர் மைதானத்தில் குந்தியிருந்து அழுதார்!"

பாஸ்லோவின் புன்னகை ஒரு பக்கமாக நின்றது. "அழுதேனா?" என்று கேட்டார்.

"யெஸ். யூ க்றைட்," என்றாள் ஸ்டெபனி. "அதோடு, நீங்கள் அப்பாவின் காலைத் தொட்டு, எப்படிப் பந்துபோட வேண்டும் என்று கேட்டீர்களாம்."

"பனைமுனையின் பிச்சைதான் பாஸ்லோவின் இருநூற்றுப் பதினான்கு விக்கெட்டும்!" என்று சிவபாதம் வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். கூட்டம் கைதட்டியது.

ஸ்டெபனி அந்த வசனத்தில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பிச்சை என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமான ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்து சொன்னாள்.

றோய் தூரத்தில் பாட் கட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே பாஸ்லோவின் காதுகள் சிவப்பதைப் பார்த்தார். முதலில் நுனி. பிறகு முழுவதும்.

ஆடுகளத்துக்கு இறங்குமுன் சிவபாதம் ஒரு படிவத்தை நீட்டினார். அங்கவீனமோ மரணமோ நேர்ந்தால் சங்கம் பொறுப்பல்ல. றோய் கையெழுத்துப் போட்டார். "வெறும் சம்பிரதாயம்," என்றார் சிவபாதம். ஹெல்மெற்றின் வாரைத் தானே இறுக்கிவிட்டார்.

ஸ்டெபனி வெள்ளைத் தொப்பியுடன், பந்துவீசும் பக்கத்து ஸ்டம்புக்குப் பின்னால் நின்றாள். தகப்பனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். எல்லையோரத்தில் ஒரு மடக்கு மேசை, ஸ்கோர் புத்தகம், மக்டலீன்.

பாஸ்லோ பொன்னாடையைக் கழற்றினார். அதை நாலாக மடித்து இடுப்பைச் சுற்றி, முதுகுக்குத் தாங்கலாக இறுக்கிக் கட்டினார். றோய்க்கு அது பிடிக்கவில்லை. மெதுவான பந்துக்கு இடுப்பு ஏன் கட்டவேண்டும்? பாஸ்லோ பின்னால் நடந்தார். நாலு அடி நடந்து திரும்புவார் என்று றோய் நினைத்தார். ஐந்து. ஆறு. ஒன்பதாவது அடியில் றோய் எண்ணுவதை விட்டுச் செபம் சொல்லத் தொடங்கினார். அருள் நிறைந்த மரியாயே முடிந்தபோது பாஸ்லோ ஒரு சின்னத் தென்னைமரத்தின் அளவில் தூரத்தில் தெரிந்தார்.

"இதோ வருகிறார் வேகவேந்தன்!" என்று ஒலிவாங்கி அலறியது. "இதோ காத்து நிற்கிறான் நம் றோய்! இதோ... ஆறு! ஆறு! ஆறு!"

பந்து அப்போது இன்னும் பாஸ்லோவின் கையில்தான் இருந்தது.

பிறகு அது கையைவிட்டுப் புறப்பட்டது. இருபத்தொரு வயதில் இருந்த வேகத்தில் பாதிகூட இராது. ஆனால் றோயிடமும் இருபத்துநான்கு வயதில் இருந்தது பாதிகூட இல்லை. மூன்று கிழமைப் பயிற்சி வீண்போகவில்லை. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். அதனால் இம்முறை முழுவதையும் பார்த்தார். நடுவில் குத்தி எகிறுகிற பந்து, அதன் தையல், தையலில் ஒட்டியிருந்த புல். மட்டையை வீசினார். மட்டை காற்றை அடித்தது. பந்து ஹெல்மெற்றின் நெற்றியில், அதே இடத்தில் மோதி, கீப்பரின் தலைக்கு மேலாகப் பறந்து, கயிற்றைத் தாண்டி, கூடாரத்துக்குள் நுழைந்து, மட்டன் றோல்ஸ் தட்டொன்றைக் கவிழ்த்துப்போட்டது.

மைதானம் அதிர்ந்தது. சனம் விசரடித்தது. ஒலிவாங்கியில் சிவபாதம் அழுதுகொண்டிருந்தார்.

றோய் காதுக்குள் மணியடிக்க நின்றார். எதிரே ஸ்டெபனி. அவளுக்கு எல்லோரையும் விடக் கிட்டத்தில், நேர்கோட்டில் தெரிந்திருந்தது. அவள் முகத்தில் முதலில் பயம் வந்தது. தகப்பன் விழவில்லை என்று கண்டதும் பயம் போய், ஒரு கணக்கை இரண்டாந்தரம் கூட்டிப் பார்க்கிறவளின் யோசனை வந்தது. அந்தத் தலை. பாஸ்லோ விசாரித்த தலை. கூட்டல் முடிந்ததை றோய் அவள் கண்ணில் கண்டார். ஆனால் அவள் கைகள் இரண்டும் மெல்ல மேலே எழத் தொடங்கின. தோள்வரை வந்துவிட்டன. அம்பயர் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தவள் தகப்பனுக்காக ஒரு பொய் ஆறு கொடுக்கப்போகிறாள்.

அதை மட்டும் றோயால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பொய் அவருடையது. அதை அவள் கையில் ஏற்றக்கூடாது. கத்திச் சொல்லலாம், ஆனால் இந்த இரைச்சலில் எவருக்குக் கேட்கும்? றோய் மட்டையைக் கீழே போட்டார். வலது முழங்காலை உயர்த்தினார். அதை உள்ளங்கையால், எல்லோருக்கும் தெரியும்படி, மூன்று தரம் தட்டினார்.

லெக் பை.

"ஐயோ, முழங்கால்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"முழங்கால் போட்டுது!" என்றது ஒலிவாங்கி. "அன்பர்களே, முழங்கால் உடைந்த நிலையிலும் நம் றோய் ஆறு அடித்திருக்கிறான்!"

நாலு பேர் கதிரையுடன் ஓடிவந்தார்கள். ஐந்தாமவர் சித்தாலேப வலித்தைலப் போத்தலுடன் வந்தார். "இல்லையடா, லெக் பை, லெக் பை," என்று றோய் சொல்லச் சொல்ல, "ஓம் ஓம், லெக்தான், தெரியும், ஆட்டாதே," என்று சொல்லி அவரை இருத்திக் காற்சட்டையைச் சுருட்டினார்கள். ஆடுகளத்தின் மறுமுனையில் பாஸ்லோவும் இடுப்பைப் பிடித்தபடி, நிமிர முடியாமல் நின்றார். அவருக்கும் ஒரு கதிரை போனது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ஒருவருக்கு முழங்காலிலும் மற்றவருக்கு முதுகிலும் தேய்த்தார்கள்.

"மன்னித்துக்கொள்," என்றார் பாஸ்லோ முணுமுணுப்பாக. "நான் மெதுவாகத்தான் போட நினைத்தேன். ஆனால் அழுதேன் என்று சொல்லலாமா?"

றோய் ஆட்களின் இடைவெளியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெபனியின் கைகள் கீழே இறங்கியிருந்தன. அவள் எல்லைப் பக்கம், மடக்கு மேசையைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு முழங்காலை உயர்த்தினாள். கையால் தட்டினாள். அம்பயர் சைகை காட்டினால் ஸ்கோர் எழுதுபவர் கண்டேன் என்பதற்குக் கையை உயர்த்த வேண்டும், அது விதி. மேசையிலிருந்து மக்டலீனின் கை உயர்ந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே உயர்ந்து நின்றது. பிறகு குனிந்து பென்சிலால் எழுதினாள்.

"பாருங்கோ, தகப்பனுக்கு முழங்கால் எண்டு பிள்ளை தாய்க்குச் சொல்லுது," என்று யாரோ கண்கலங்கினார்கள்.

வீடு திரும்புகையில் வானை ஸ்டெபனி ஓட்டினாள்.

"அப்பா."

"ம்."

"முதல் தரமுமா?"

"ஓம்."

"சேம் ஸ்பொட்?"

"அதே இடம்தான்."

அவள் ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று றோய் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். "செக்கண்ட் கிறேட்டிலை நான் ஒரு லெக் பையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறன்," என்றாள். "ரீச்சர் ஸ்டார் ஒட்டி விட்டவ."

பின் இருக்கையிலிருந்து மக்டலீன், "பச்சை விழுந்திட்டுது, எடு பிள்ளை," என்றாள்.

அன்றிலிருந்து றோய் உண்மையைத்தான் சொல்கிறார். ஃபேர்னஸ் திருத்தப் போகும் வீடெல்லாம் சொல்கிறார். "அது சிக்ஸ் இல்லை, தலையிலை பட்ட பந்து," என்கிறார். சனம் உருகிப்போகிறது. "எவ்வளவு அடிச்சும் தலைக்கனம் இல்லாத மனுசன்," என்று சிவபாதம் அடுத்த மலருக்குக் கட்டுரை எழுதிவிட்டார். தலைப்பு 'அடக்கத்தின் ஆறடி'. றோயின் உயரம் ஐந்தடி ஆறு.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் அந்த ஆறைப் பற்றி வாயெடுத்துக் கேட்டார். றோய் தொண்டையைக் கனைத்தார்.

"தொண்ணூற்றி ஐஞ்சாம் ஆண்டு, ஜூலை மாசம். நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்..."

சொல்லிக்கொண்டே பழக்கத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தார். கேத்தல் சும்மா கிடந்தது. மக்டலீன் எழும்பவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல்தடவை கேட்கிறவளைப்போல, "பிறகு?" என்றாள்.